எழுபத்து மூன்று: ஒரு கணித விரிவுரையாளரின் கதை

மாணவர்களே, ஒரு தாளில் 23 என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த எண்ணைக் கன எண்களின் கூட்டலாகப் பிரிக்க வேண்டும். கனம் என்றவுடன் தயங்க வேண்டாம். பள்ளியில் மலாய்மொழியில் 'குவாசா தீகா' என்று படிக்கிறீர்களே, அதுதான். 1, 8, 27, 64, 125 என்று போகும். ஒரே எண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் மொத்தத்தில் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவான கனங்களே வர வேண்டும்.

27 பெரியது, உதவாது. 8-ஐ இரண்டு முறைக்கு மேல் எடுக்க முடியாது. இரண்டு 8 சேர்ந்தால் 16, மீதி 7. அந்த 7-க்கு ஏழு 1-களை விட்டால் வேறு வழியில்லை. ஆக 2 + 7 = 9 கனங்கள். இதைவிடக் குறைக்க யாராலும் முடியாது.

அடுத்த எண்ணான 24-ஐப் பாருங்கள். 8 + 8 + 8, மூன்றே கனங்கள்! 100-க்கு 64 + 27 + 8 + 1, நான்கு போதும். 239-ஐ நீங்களே செய்து பாருங்கள். அதுவும் 23-ஐப்போல ஒன்பதைக் கேட்கும் அடம்பிடித்த எண்.

இப்போது கேள்வி இதுதான். எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒன்பது கனங்கள் போதுமா? பத்தாவது கனம் தேவைப்படும் எண் எங்காவது ஒளிந்திருக்குமா? எண்களுக்கு முடிவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்கக் கணினியாலும் ஆகாது.

1770-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் வேரிங், நான்கு வர்க்கங்கள் போதும், ஒன்பது கனங்கள் போதும், நான்காம் அடுக்கு எண்கள் பத்தொன்பது போதும், மேலே உள்ள அடுக்குகளுக்கும் இப்படியே ஓர் எல்லை உண்டு என்று தம் நூலில் எழுதினார். நிரூபணம் எதுவும் தரவில்லை. வர்க்கங்களைப் பற்றிய பகுதியை அதே ஆண்டில் லக்ராஞ்ச் நிறுவினார். மற்றவை அப்படியே கிடந்தன. எல்லா அடுக்குகளுக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்பதை மட்டும் 1909-இல் ஜெர்மனியின் டேவிட் ஹில்பர்ட் நிறுவினார். அந்த எல்லை எவ்வளவு என்று கேட்டால் அவருடைய நிரூபணம் பதில் சொல்லாது.

அந்த எல்லையைக் கண்டவர்களில் ஒருவர், சிதம்பரத்தில் ஒரு புதிய பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த தமிழர். பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகம் அவரை எஸ்.எஸ்.பிள்ளை என்று அறியும். இராமானுஜனைத் தெரிந்த அளவுக்கு நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது.

பாடம் நடத்துவது பாதி வேலை

பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் என்ன செய்வார் என்று கேட்டால், 'கணக்குச் சொல்லிக் கொடுப்பார்' என்பீர்கள். அது பாதி வேலைதான். மறுபாதி, விடை யாருக்குமே தெரியாத கணக்குகளோடு உட்கார்ந்திருப்பது. உங்கள் பாடநூலில் ஒவ்வொரு கணக்குக்கும் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும். அவருடைய கணக்குக்குக் கடைசிப் பக்கமே கிடையாது. ஐந்து ஆண்டுகள் உழைத்த பிறகு அந்த வழியில் போனால் விடை வராது என்று மட்டும் தெரியவரலாம். மருத்துவமோ சட்டமோ படிக்கப் போகும் உங்கள் நண்பர்களுக்கு இப்படிப்பட்ட ஒரு வேலை இருப்பதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பிள்ளை 1901 ஏப்ரல் 5-ஆம் தேதி, குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லத்தில் பிறந்தார். பிறந்து ஓராண்டிலேயே தாயை இழந்தார். பள்ளியின் கடைசி ஆண்டில் தந்தையும் இறந்துபோனார். அன்றைய நிலையில் அத்தோடு படிப்பு நின்றிருக்க வேண்டும். பள்ளி ஆசிரியர் ஒருவர் கைகொடுத்ததால் படிப்பு தொடர்ந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி. அங்கே பி.ஏ. முடித்தார்.

1927-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்போது இராமானுஜன் மறைந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் கே.ஆனந்த ராவ். இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த அதே ஆண்டுகளில் அங்கு படித்தவர், அதே ஹார்டியிடம் கணிதம் பயின்றவர். இன்னொருவர் வைத்தியநாதசுவாமி. பெயர்பெற்ற கணித அறிஞர்கள் பலர் ஆனந்த ராவின் கையில் உருவாகியிருக்கிறார்கள். மேதை ஒருவர் தனியே வானத்திலிருந்து குதிக்கலாம். ஆனால் அடுத்தடுத்து நல்ல கணித அறிஞர்கள் வர வேண்டுமென்றால் இப்படி ஓர் ஆசிரியர் ஓர் ஊரில் நிலையாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1929-இல் பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். அதை நிறுவிய அண்ணாமலைச் செட்டியார், அக்கால மலாயாவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புதிதாக இருக்காது.

அங்கே அவர் 1941 வரை பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். அவருடைய மிகச் சிறந்த வேலைகள் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் செய்தவை. பதவியில் அவர் அப்போது விரிவுரையாளர்தான்.

தேவை வேறு, போதும் வேறு

பென்சில் கையில் இருக்கிறதா? இல்லாவிட்டால் இனி வரும் பகுதி பாதிதான் புரியும்.

23-க்கு ஏன் ஒன்பது கனங்கள் தேவைப்பட்டன? அது 27-ஐவிடச் சிறியது என்பதால் 8-ஐயும் 1-ஐயும் மட்டுமே வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருந்தது. இந்தத் தந்திரத்தை எந்த அடுக்குக்கும் செய்யலாம். ஆறாம் அடுக்கை எடுங்கள். 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-இன் ஆறாம் அடுக்கு 729. 729-க்குள் 64 எத்தனை முறை முழுதாக அடங்கும்? 11 முறை. 11 × 64 = 704. அதில் ஒன்றைக் குறைத்தால் 703.

இந்த 703 மாட்டிக்கொண்ட எண். 729-ஐ அதில் பயன்படுத்த முடியாது. 64-ஐப் பத்து முறைதான் எடுக்க முடியும், அது 640. மீதி 63. அதற்கு அறுபத்து மூன்று 1-கள். 10 + 63 = 73. ஆகவே ஆறாம் அடுக்குக்கு 73 எண்களாவது தேவை. இதை நிறுவ உங்களுக்கு அரை நிமிடம் ஆனது.

இதையே பொதுவாகச் சொன்னால் ஒரு சூத்திரம் கிடைக்கும். அடுக்கு எதுவோ, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்துங்கள். மூன்றின் கீழ் இரண்டு, அதாவது 1.5-ஐயும் அதே அடுக்குக்கு உயர்த்தி, தசமப் பகுதியை விட்டுவிடுங்கள். இரண்டையும் கூட்டி 2-ஐக் கழியுங்கள். இரண்டாம் அடுக்குக்கு 4 + 2 − 2 = 4. மூன்றாம் அடுக்குக்கு 8 + 3 − 2 = 9. நான்காம் அடுக்குக்கு 16 + 5 − 2 = 19. வேரிங் சொன்ன எண்களே வருகின்றன! ஐந்தாம் அடுக்குக்கு 37, ஆறாம் அடுக்குக்கு 73.

ஆனால் இது 'தேவை' மட்டும்தான். 73-ஐவிடக் குறைந்தால் 703 நம்மிடம் சண்டைக்கு வரும் என்று காட்டியிருக்கிறோம். 73 'போதும்' என்று இன்னும் காட்டவில்லை. 703 என்ற ஒரே எண்ணை வைத்துத் தேவையைக் காட்டிவிடலாம். போதும் என்று காட்ட, முடிவில்லாத எண்கள் அத்தனைக்கும் பொறுப்பேற்க வேண்டும். அரை நிமிட வேலைக்கும் பல ஆண்டு வேலைக்கும் நடுவில் இருப்பது இந்த ஒரு சொல்தான்.

எப்படிப் பொறுப்பேற்பது? எண்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டார்கள். மிக மிகப் பெரிய எண்களுக்கு ஒரு வழி இருந்தது. ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று நுண்கணிதத்தால் மதிப்பிடும் வழி அது. அதற்கு விதை போட்டவர்கள் ஹார்டியும் இராமானுஜனும், 1918-இல். பிறகு ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதை வேரிங்கின் கேள்விக்கு ஏற்றபடி வளர்த்தார்கள். 1930களில் ரஷ்யாவின் வினோகிராடோவ் அதை மேலும் கூர்மையாக்கினார். ஆனால் அந்த வழி 'இந்த எல்லைக்கு மேலே உள்ள எண்களுக்கெல்லாம் சரி' என்றுதான் சொல்லும். எல்லைக்குக் கீழே உள்ளவற்றை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு எண்களைக் கையால் கணக்கிட்டு, அதிலிருந்து படிப்படியாக ஏறி, மேலேயுள்ள எல்லையைத் தொட வேண்டும். மாடியிலிருந்து கயிறு தொங்குகிறது. தரையிலிருந்து ஏணி வைத்துக் கயிற்றின் நுனியைப் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை நீட்டுவதும் வேலை, ஏணியை உயர்த்துவதும் வேலை.

1936-இல் பிள்ளை சிதம்பரத்தில் இருந்தபடி, ஏழாம் அடுக்கிலிருந்து மேலே அந்தச் சூத்திரமே சரியான விடை என்பதை ஒரு நிபந்தனையோடு நிறுவினார். அதே நேரத்தில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லெனார்ட் டிக்சன் அதையே தனியாகச் செய்து முடித்தார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. டிக்சன் அப்போது உலகப் புகழ்பெற்ற பேராசிரியர். பிள்ளையின் கட்டுரைகளோ இந்தியக் கணிதக் கழகத்தின் இதழிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழிலும் வந்தவை. எந்த இதழில் எழுதுகிறோம் என்பதும் ஒருவருடைய பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. கணிதத்தில்கூட அப்படித்தான். இன்றைய நூல்களில் இந்த முடிவுக்கு இருவர் பெயரும் சேர்ந்தே வருகின்றன.

ஆறாம் அடுக்கு தனியே நின்றது. அடுக்கு சிறிதாகும்போது வேலை எளிதாகும் என்று நினைப்போம். இங்கே நேர்மாறு. பயன்படுத்தக்கூடிய எண்களின் எண்ணிக்கை குறைவதால், கயிறு மிக உயரத்திலேயே நின்றுவிடுகிறது. ஏணி எட்டுவதில்லை. 1940-இல் பிள்ளை அதையும் எட்டினார். 73 போதும். அந்தக் கட்டுரை சர் சி.வி.ராமன் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது. இம்முறை டிக்சன் உட்பட வேறு யாரும் அவருக்கு முன்னால் அங்கே போயிருக்கவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் கொடுத்தது.

பதினேழு எண்கள்

ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு கிடந்தவர் அல்லர் பிள்ளை. அவர் செய்த இன்னொன்று, உங்கள் கையிலுள்ள கால்குலேட்டரிலேயே சோதித்துப் பார்க்கக்கூடியது.

அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுங்கள். உதாரணமாக 4, 5, 6, 7, 8. இதில் 5-க்கு மற்ற நான்கோடும் பொதுக் காரணி இல்லை, 1-ஐத் தவிர. 7-க்கும் அப்படியே. இப்படி 'யாரோடும் ஒட்டாத' ஓர் எண் எப்போதும் இருக்குமா? அடுத்தடுத்து வரும் எண்கள் பதினாறு வரை இருந்தால், எங்கிருந்து தொடங்கினாலும் அப்படி ஓர் எண் கட்டாயம் இருக்கும் என்று பிள்ளை நிறுவினார். பதினேழு ஆனதும் விதி உடைகிறது.

உடைவதைப் பார்க்க 2184 முதல் 2200 வரை எழுதுங்கள். மொத்தம் பதினேழு எண்கள். இரட்டை எண்கள் எல்லாம் 2-ஆல் ஒட்டிக்கொள்கின்றன. ஒற்றை எண்களைப் பார்ப்போம். 2187, 2193, 2199 ஆகியவை 3-ஆல் வகுபடும். 2185, 2195 இரண்டும் 5-ஆல். 2191-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள், 313 வரும். 2184-உம் 7-ஆல் வகுபடும். 2189-க்கும் 2200-க்கும் 11 பொது. கடைசியாக 2197, அது 13-இன் கனம். 2184-ஐ 13-ஆல் வகுத்தால் 168. ஒருவர் மிச்சமில்லை, அத்தனை பேருக்கும் ஓர் உறவினர் கிடைத்துவிட்டார்!

பதினேழிலிருந்து 430 வரை ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் இப்படி விதி உடையும் இடம் உண்டு என்று பிள்ளை காட்டினார். அதற்கு மேலும் அப்படித்தான் என்பதை ஆல்பிரெட் பிரவர் 1941-இல் நிறுவினார். 16-க்கும் 17-க்கும் நடுவில் ஏன் இந்தக் கோடு விழுகிறது? எனக்கு இன்றும் இது வியப்பாகவே இருக்கிறது.

1941-இல் பிள்ளை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அடுத்த ஆண்டே கல்கத்தாப் பல்கலைக்கழகம். அவரை அங்கே அழைத்தவர் பிரிட்ரிக் லெவி என்ற ஜெர்மானியப் பேராசிரியர். யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் வேலையைப் பறிகொடுத்துக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தவர். தாய்நாட்டிலிருந்து விரட்டப்பட்ட ஒருவர், தென்கோடித் தமிழர் ஒருவரின் கட்டுரைகளைப் படித்து மதித்து வங்காளத்துக்கு அழைக்கிறார். அங்கேயும் பிள்ளை விரிவுரையாளராகத்தான் சேர்ந்தார்.

வெளிநாட்டு அழைப்பு வர 1950 ஆனது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆய்வு நிலையம் ஓராண்டு தங்கி ஆராய்ச்சி செய்ய அவரை அழைத்தது. ஐன்ஸ்டைன் அப்போது இருந்த இடம் அது. அதே பயணத்தில் ஹார்வர்டில் நடந்த அனைத்துலகக் கணித மாநாட்டிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் அவர் கலந்துகொள்வதாக இருந்தது. போருக்குப் பிறகு கூடிய முதல் மாநாடு. 1936-க்குப் பிறகு உலகக் கணித அறிஞர்கள் அப்படிக் கூடியதே இல்லை. ஆகஸ்டு 30-ஆம் தேதி அது தொடங்கியது. அந்த மாநாட்டில் பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற இருவரில் ஒருவர் ஆத்லே செல்பெர்க். பிள்ளையின் துறையான எண் கோட்பாட்டைச் சேர்ந்தவர்.

பிள்ளை ஏறிய டி.டபிள்யூ.ஏ. விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் போக வேண்டியது. ஆகஸ்டு 31 அதிகாலையில் கெய்ரோவிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் ஓர் எஞ்சின் தீப்பற்றியது. விமானம் பாலைவனத்தில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்துபோனார்கள். பிள்ளைக்கு வயது 49. அவருடைய கட்டுரைகளைப் படித்திருந்தவர்களை நேரில் சந்திக்கப் போன முதல் பெரிய வாய்ப்பு அது.

அவர் விட்டுப்போன வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாம் அடுக்குக்கு 37 போதும் என்று 1964-இல் சீனாவின் சென் ஜிங்ருன் நிறுவினார். எல்லாவற்றிலும் முரண்டு பிடித்தது நான்காம் அடுக்கு. 1770-இல் வேரிங் எழுதிய அந்த 19, 1986-இல்தான் உறுதியானது. அதை நிறுவிய மூவரில் இருவர் பிரெஞ்சுக்காரர்கள். மூன்றாமவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர்.பாலசுப்பிரமணியன். பிள்ளையின் கட்டுரைகள் முழுவதையும் தேடித் திரட்டி, ஆர்.தங்கதுரையோடு சேர்ந்து பதிப்பித்தவரும் அவரே. அந்தத் தொகுப்பு 2010-இல் வெளிவந்தது, விமானம் விழுந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு.

பிள்ளையின் சூத்திரத்தோடு ஒட்டியிருந்த நிபந்தனை இருக்கிறதே, அது 471,600,000 வரையிலான எல்லா அடுக்குகளுக்கும் சரியாக இருக்கிறது என்று சோதித்திருக்கிறார்கள். எல்லா அடுக்குகளுக்கும் சரி என்று இன்னும் யாரும் நிறுவவில்லை.

அவர் கேட்டுவிட்டுப் போன இன்னொரு கேள்வியும் திறந்தே கிடக்கிறது. வர்க்கம், கனம், அதற்கு மேற்பட்ட அடுக்கு எண்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36... இதில் ஏதாவது இரண்டு எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 7 என்ற வித்தியாசம் 9-க்கும் 16-க்கும் இடையே வருகிறது, 25-க்கும் 32-க்கும் இடையே வருகிறது, 121-க்கும் 128-க்கும் இடையே வருகிறது, வெகுதூரம் போனால் 32,761-க்கும் 32,768-க்கும் இடையே வருகிறது. எந்த வித்தியாசமும் சில முறைதான் வரும், முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்காது என்றார் பிள்ளை. 1 என்ற வித்தியாசம், 8-க்கும் அதைவிடப் பெரிய எண்களுக்கும் இடையே, 8, 9 என்ற ஒரே இடத்தில்தான் வருகிறது என்பதை 2002-இல் பிரேடா மிஹைலெஸ்கு நிறுவினார். 2 என்ற வித்தியாசத்துக்கு 25, 27 தெரியும். வேறு இருக்கிறதா என்று தெரியாது. 6 என்ற வித்தியாசம் வரும் இரண்டு எண்களை இதுவரை யாரும் கண்டதில்லை. அப்படி இரண்டு எண்கள் இல்லவே இல்லை என்று நிறுவியவரும் இல்லை.